கொடிமுந்திரியும் மரமுந்திரியும்

வாகரைக்குப் போகும் வழியில் பனிச்சை மரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு களப்போரத்தில் இருக்கும் ஊர் பனிச்சங்கேணி. அங்கே ஒரு கசுமரத்து நிழலில் மாணவர்களோடு அமர்ந்திருந்தேன். உயிரியல் படிக்கும் ஒருவன் கேட்டான்:

"சேர், ஊவேரியா சைலானிக்கா எண்டு ஒரு செடி புத்தகத்தில இருக்கு. ஊவா மாகாணத்தில கண்டுபிடிச்சதோ?"

நல்ல கேள்விதான். ஆனால் 1886இல் உருவான ஊவா மாகாணத்துக்கும் அந்தப் பெயருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இலத்தீனில் 'ஊவா' என்றால் முந்திரிகைப்பழம். முந்திரிகைக்கு உரோமர் வைத்திருந்த சொற்கள் பல. கொடி வீற்றிஸ், பழம் ஊவா, குலை ரசேமஸ், குலையில் ஒரு தனிப்பழம் அசினஸ், பிழிந்து புளித்த மது வீனும். நெல், அரிசி, சோறு என்று நாம் பிரித்துச் சொல்வது போலத்தான். எதை உண்டு வாழ்கிறோமோ அதற்குச் சொற்கள் பெருகும். முந்திரிகைக் கொடிக்குத் தாவரவியல் தந்த பெயர் வீற்றிஸ் வினிபெரா, அதாவது மதுவைத் தரும் கொடி.

ஊவேரியாவின் கதை வேறு. 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த போல் ஹெர்மன் இங்குள்ள செடிகளை உலர்த்திச் சேர்த்தார். அந்தத் தொகுதி பல கைகள் மாறி லினேயஸிடம் போய்ச் சேர்ந்தது. அதைக் கொண்டே அவர் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1753இல் இச்செடிக்கு இலங்கையின் பெயரையும் முந்திரிகையின் பெயரையும் சேர்த்துச் சூட்டினார். இதன் ஒரு பூவிலிருந்து பல பழங்கள் கொத்தாகத் தொங்கும். பார்த்தவர்க்குக் குலை நினைவு வந்திருக்கிறது. உண்மையில் இது அன்னமுன்னாவின் குடும்பம். முந்திரிகையின் சொந்த இரத்தம் நம் வேலியில் படரும் பிரண்டை. அதற்கோ கிடைத்தது ஐவிக்கொடியைக் குறிக்கும் கிரேக்கப் பெயர், சிசஸ். உறவு பார்த்து வைத்த பெயர்களல்ல, கண் பார்த்து வைத்த பெயர்கள்.

ரசேமஸ் இன்னும் தூரம் போயிற்று. அத்திக்கும் சாத்தாவாரிக்கும் அறிவியற் பெயரின் பின்பாதி அந்தக் 'குலை'தான். கிழக்குக் கரைக் களப்புகளில் உப்புநீரோரம் வளரும் லும்னிற்சேரா ரசெமோசாவுக்கும் அப்படியே. முந்திரிகையே விளையாத சேற்றில் அதன் குலை நிற்கிறது!

இதைச் சொன்னதும் மாணவர்கள் சிரித்தார்கள். நாம் மட்டும் என்ன செய்தோம் என்று, தலைக்கு மேலே இருந்த மரத்தைக் காட்டினேன். முந்திரிகை என்பது வடமொழி 'மிருத்வீகா' வழி வந்த சொல். பாளியில் அது முத்திகா. சிங்களவர் முந்திரிகையை 'மிதி' என்பதும் அதன் வழியே. போர்த்துக்கேயர் அமெரிக்காவிலிருந்து கசுவைக் கொண்டுவந்தபோது, நம்மவர் அதற்கும் அந்தப் பழைய பெயரையே கொடுத்து, முன்னே 'மரம்' சேர்த்தார்கள்: மரமுந்திரிகை. கொடியில் காய்ப்பது கொடிமுந்திரி ஆயிற்று. பொங்கற்பானையில் பிளம்சும் கசுவும் ஒன்றாய் விழுவதைப் பார்த்தால், பொருத்தம் இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வராது.

தமிழ்நாட்டில் 'முந்திரி' என்றால் இன்று கசுதான்; பழத்துக்குத் திராட்சை நிலைத்துவிட்டது. அங்கே அச்சாகும் புத்தகங்களைப் படித்துப் படித்து நம் பிள்ளைகளும் மாறி வருகிறார்கள். பிள்ளைகளை ஏன் சொல்ல வேண்டும்? ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில், கட்டுரையொன்றில் ஒரு மாணவி 'முந்திரிகைப் பந்தல்' என்று எழியிருந்தாள். கசுவுக்குப் பந்தல் எதற்கு என்று சிவப்பு மையால் வெட்டி, மேலே 'திராட்சை' என்று எழுதினேன். அவள் எழுதியது அவளுடைய அம்மம்மாவின் சொல். இரண்டு புள்ளிகளும் குறைத்தேன்.

அந்தக் கசுமரத்தடியில் இதையும் சொன்னேன். அந்தப் பையன் விடவில்லை. "சேர், அந்த ரெண்டு புள்ளியையும் பிறகு குடுத்தீங்களோ?"

கொடுக்கவில்லை.