வேலை முடிந்ததும் மறையும் நியூரான்

மனிதக் கரு இரண்டு மாதத்தை எட்டும் சமயத்தில் மூளைப் புறணி ஒரு மெல்லிய சவ்வுதான். மடிப்பு கிடையாது, ஆறு அடுக்கும் கிடையாது. அந்தச் சவ்வின் ஓரங்களில் சில நியூரான்கள் மற்றவற்றை முந்திக்கொண்டு பிறக்கின்றன. 'கார்ட்டிகல் ஹெம்' என்னும் விளிம்பு ஒரு பிறப்பிடம், 'செப்டம்' என்ற பகுதி இன்னொன்று. பிறந்த இடத்தில் அவை தங்குவதில்லை. மேற்பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து புறணி முழுக்கப் பரவிவிடுகின்றன.

இவற்றுக்குக் காஹால்–ரெட்ஸியஸ் செல்கள் என்று பெயர். ஸ்பெயினின் ரமோன் இ காஹால் 1891 வாக்கில் சிறு பாலூட்டிகளிலும், ஸ்வீடனின் குஸ்தாவ் ரெட்ஸியஸ் 1893-ல் மனிதக் கருவிலும் இவற்றைப் பார்த்தார்கள். வேலை என்ன என்பது தெரிய நூறு வருஷம் ஆனது.

அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு தள்ளாடும் எலி. 1951-ல் பால்கனர் விவரித்த 'ரீலர்' என்ற அந்த எலியின் புறணியில் அடுக்குகள் ஏறக்குறையத் தலைகீழாகக் கிடந்தன. அதில் பழுதாகியிருந்த மரபணுவை 1995-ல் டாம் கர்ரன் குழு கண்டுபிடித்தது. அது உண்டாக்கும் புரதத்துக்கு ரீலின் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு ஜப்பானில் மிகோஷிபா குழு ஒரு தந்திரம் செய்தது. நல்ல எலிக்கருவின் மூளையை அரைத்து ரீலர் எலிக்கு ஊசி போட்டார்கள். தன்னிடம் இல்லாத புரதத்தை ரீலரின் உடம்பு அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் தயாரித்தது. சி.ஆர்-50 என்ற அந்த எதிர்ப்பொருள் காஹால்–ரெட்ஸியஸ் செல்களைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டது. ரீலினைச் சுரப்பது இவைதான் என்பது அப்போது தெளிவானது. பிந்திப் பிறக்கும் நியூரான்கள் முந்தியவற்றைத் தாண்டி மேலேறி உட்கார, அந்தச் சுரப்பு வேண்டும்.

மனிதரில் இது தவறினால் மூளை மடிப்புக் குறைந்து வழவழப்பாகிவிடும், சிறுமூளையும் சிறுத்துப்போகும். இந்தக் கோளாறுக்கும் ரீலின் மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 2000-ல் வெளிவந்தது. தாய், தகப்பன் இருவருமே பழுதான பிரதியைச் சுமந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும்; அப்படிச் சுமக்கும் தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நாமகிரிப்பேட்டையிலிருந்து ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ ஸ்கேன் எடுக்கப் போகும் பெண்ணிடம் "சொந்தத்துல கட்டினீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்பது இதுபோன்ற நோய்களை நினைத்துத்தான். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டியிருந்தால் ஒரே பழுது இருபக்கமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது.

வேலை முடிந்தால் இந்தச் செல்களுக்கு இடமில்லை. இளம் மஞ்சளுக்கு நிழல் வேண்டி நாமகிரிப்பேட்டை வயலில் ஆங்காங்கே ஆமணக்கு ஊன்றுவார்கள். மண்டிக்குப் போகும் மஞ்சள் மூட்டையில் அதன் சுவடே இருக்காது. இவையும் அப்படித்தான்: எலிக்குட்டி பிறந்து இரண்டு வாரத்துக்குள் அதன் பெரும்பாலான காஹால்–ரெட்ஸியஸ் செல்கள் செத்துவிடுகின்றன.

ஆனால் செத்தது என்று எப்படிச் சொல்வது? ரீலின் தெரியவில்லை என்றால் செல் போய்விட்டது என்று அர்த்தமில்லை, சுரப்பதை நிறுத்தியிருக்கலாம். ரீலின் தெரிகிறது என்றால் அதே செல்தான் என்றும் அர்த்தமில்லை. வளர்ந்த புறணியில் வேறு வகை நியூரான்களும் அதைச் சுரக்கின்றன. அதனால் ஒற்றை அடையாளத்தை நம்ப முடியாது. பி73, கால்ரெட்டினின் என்று மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதற்கும் மேலே, செல் பிறக்கும்போதே மரபணு வழியாக அழியாத நிறம் ஏற்றி, அந்த நிறமுள்ள செல்கள் எப்போது மறைகின்றன என்று கவனிக்கிறார்கள்.

அப்படிக் கவனித்ததில், சாவிலும் பிறப்பிடத்துக்கு ஏற்ற வேறுபாடு தெரிந்தது. செப்டத்தில் பிறந்தவை பாக்ஸ் என்ற புரதத்தின் வழியாகச் சாகின்றன; அதன் மரபணுவை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்கின்றன. ஹெம்மில் பிறந்தவை சாக பாக்ஸ் தேவையில்லை, அவற்றின் சாவு மின் செயல்பாட்டைச் சார்ந்தது. அதை அடக்கினால் அவையும் பிழைக்கின்றன. 2019-ல் வந்த ஆய்வு அதன் விலையைச் சொன்னது: ஹெம் செல்கள் தங்கிவிட்ட எலிகளில் மேலடுக்கு நியூரான்களின் கிளைகளும் முட்களும் மிகுந்து, கிளர்ச்சிக்கும் அடக்கத்துக்கும் உள்ள சமநிலை கெட்டது. ஆக, உரிய நேரத்தில் விலகுவதும் இவற்றின் வேலையில் சேர்த்தி.

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற கருமூளை வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து கருமூளைகள், 5,132 துண்டங்கள். இந்தச் செல்கள் மனித மூளையில் உயிரோடு இருக்கும் வாரங்கள் அவை. வளர்ந்தவரின் மூளையை எத்தனை மெலிதாகச் சீவினாலும் அதன் அடுக்குகள்தான் கிடைக்கும். அடுக்கிய செல்களைப் பார்க்க இந்த வயதுக்குத்தான் வர வேண்டும்.