தீப்பந்தம் பிடித்தவர்கள்

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பாகனும் மோத வேண்டிய நாள். முந்தைய நாளே மேட்ச் ரத்தாகிவிட்டது. ஆகஸ்ட் 9-ஆம் தேதி ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். ஊர் முழுக்கப் போராட்டம். மேட்சுக்குத் தேவையான போலீஸைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கேலரியிலும் அந்தக் குரல் எழும் என்ற பயம்தான் காரணம் என்று ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள்.

மேட்ச் இல்லை. ஆனா கூட்டம் வந்துச்சு. சிவப்பு-மஞ்சள் சட்டையும் பச்சை-மெரூன் சட்டையும் ஒன்றாக, மைதானத்துக்கு வெளியே. தடை உத்தரவு போட்டிருந்தார்கள், தடியடியும் நடந்தது. மூன்றாவது பெரிய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் வந்து நின்றார்கள். மோகன் பாகன் கேப்டன் சுபாஷிஷ் போஸ் தன் மனைவியோடு வந்தார். ஒரு கிளப் ரசிகர் இன்னொரு கிளப் ரசிகரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நீதி கேட்ட படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

நூறு வருஷமாக ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்தும் அடித்துக்கொண்டும் வந்த இரண்டு கூட்டம் இது. இவர்கள் ஒரே நாளில் ஒன்றாக நிற்க எப்படி முடிந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் குறிப்புகள் சேர்ந்தன.

நமக்கு ரசிகர் மன்றம் என்றால் சினிமாதான். ரத்த தானம், அன்னதானம், பிறந்தநாளுக்கு நோட்டுப்புத்தகம் எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் அங்கே பக்தி ஒரு ஆள் மேல். கால்பந்து ரசிகருக்கு அந்த வசதி கிடையாது. ஆட்டக்காரர் அடுத்த சீசன் எதிரணிக்குப் போய்விடுவார், கோச் மாறுவார், முதலாளியும் மாறுவார். மிச்சம் இருப்பது ஒரு பெயரும் ஒரு நிறமும்தான். அந்தப் பெயரை யார் காப்பாற்றுவது?

நெய்வேலியில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1956-இல் கம்பெனி வந்தது, அதற்குப் பிறகு வந்ததுதான் ஊர். வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாரதி விளையாட்டரங்கம் எல்லாமே கம்பெனியுடையவை. ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். முப்பது வருஷம் ஒரே வட்டத்தில் குடியிருந்தவர், தான் வைத்த மாமரத்தை விட்டுவிட்டுப் போகிறார். இந்த டவுன்ஷிப்புக்கும் சுரங்கத்துக்கும் நிலம் கொடுத்துவிட்டுப் போன கிராமத்துக்காரர்கள் அவருக்கும் முன்னாடியே அதே மாதிரி போனவர்கள். அதனால் "இது யாருடையது?" என்ற கேள்வி இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் வரும்.

இந்தியக் கால்பந்திலும் பெரும்பகுதி கம்பெனிக் கால்பந்துதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுப்பார்கள், அப்படி வேலைக்கு வந்தவர்களை வைத்து டீம் கட்டுவார்கள். சென்னை லீக்கை ஐ.சி.எஃப், சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க் போன்ற பெயர்கள் இல்லாமல் எழுத முடியாது. 1996-97-இல் முதல் நேஷனல் ஃபுட்பால் லீக் நடந்தபோது தமிழ்நாட்டிலிருந்து ஆடியது இந்தியன் பேங்க். அந்த முதல் லீக்கை ஜெயித்தது பஞ்சாபில் பக்வாராவின் ஜே.சி.டி, ஒரு ஜவுளி மில்லின் டீம். 2011-இல் மில் நிர்வாகம் அதைக் கலைத்துவிட்டது. 2005-06 சாம்பியன் மஹிந்திரா யுனைடெட் அதற்கு முந்தைய வருஷமே கலைக்கப்பட்டிருந்தது. இரண்டுமே நாட்டின் சாம்பியன்கள், இரண்டுமே ஒரு நிர்வாக முடிவில் முடிந்துபோனவை. இந்த டீம்களுக்கு ஆட்டக்காரர் இருந்தார், கோப்பை இருந்தது. கிளப்பை இழுத்து மூடும்போது வாசலில் வந்து நிற்க ஆள்தான் போதவில்லை.

கொல்கத்தா கதை வேறு. ஈஸ்ட் பெங்கால் பிறந்ததே ஒரு கோபத்தில். 1920 ஜூலை 28, மோகன் பாகனுக்கு எதிரான மேட்சில் ஜோராபாகன் கிளப் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை உட்கார வைத்தது. அவரை ஆடவிடுங்கள் என்று கேட்டுத் தோற்ற துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வெளியேறினார். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்பது அவர் தரப்பின் எண்ணம். நான்கே நாளில், ஆகஸ்ட் 1-ஆம் தேதி, புதுக் கிளப். பெயரிலேயே ஊரை வைத்தாயிற்று.

எதிரில் இருந்தது சாதாரணக் கிளப் இல்லை. 1889-இல் தொடங்கி, 1911 ஜூலை 29-இல் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கிய மோகன் பாகன். பதினோரு பேரில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்தை ஜெயித்த டீம்.

ஈஸ்ட் பெங்காலின் சின்னம் தீப்பந்தம். அது வந்த விதத்தைக் கிளப் வரலாற்றில் இப்படிச் சொல்கிறார்கள்: 1930-இல் சட்டமறுப்பு இயக்கக் கொந்தளிப்பில் லீக் பாதியில் நின்றது. இரண்டாம் டிவிஷனில் முன்னிலையில் இருந்த ஈஸ்ட் பெங்கால் மேலே ஏற முடியாமல் போனது. ரசிகர்கள் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் போனார்கள். அந்தப் பந்தம்தான் பிறகு சின்னத்தில் ஏறியது. எத்தனை கிளப்பில் சின்னத்தை ரசிகர்கள் கொடுத்திருக்கிறார்கள், சொல்லுங்க?

1947-க்குப் பிறகு அந்தப் பெயரின் எடை கூடியது. பிரிவினையில் வீடு, வயல், குளம் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம். ஜாதவ்பூர், பிஜய்கர் பக்கம் காலி நிலங்களில் குடிசை போட்டுக் காலனிகள் உருவாக்கிக்கொண்ட அகதிகளுக்கு, இழந்த ஊரின் பெயர் தினசரிப் பத்திரிகையில் வரும் ஒரே இடம் விளையாட்டுப் பக்கம். கிழக்கு வங்கத்தார் 'பாங்கால்', மேற்கு வங்கத்தார் 'கோட்டி'. அவர்களுக்கு ஹில்சா மீன், இவர்களுக்கு இறால். எந்த அணி ஜெயித்ததோ அந்த அணியின் மீன் மறுநாள் சந்தையில் விலை ஏறும் என்பது கொல்கத்தாக்காரர்கள் இன்றும் சலிக்காமல் சொல்லும் சமாச்சாரம்.

ஆனால் இதை வெறும் மீன் கதையாகச் சொல்வது அழகுபடுத்துவதாகும். 1975 செப்டம்பர் 30, ஷீல்டு ஃபைனலில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று ஜெயித்தது. அந்தத் தோல்வியைத் தாங்க முடியாமல் ஒரு இளம் மோகன் பாகன் ரசிகர் உயிரை விட்டார். வங்காளத்தில் இதைப் பெருமிதக் கதை போலவும் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை எதுவும் தெரியவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, 1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸ், லீக் மேட்ச். இரண்டு பக்க ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் பாதியில் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித், மோகன் பாகனின் விதேஷ் போஸை மோசமாக இடித்தார். திருப்பிக் கொடுத்ததற்காக விதேஷும், திலீபோடு சேர்த்து, வெளியேற்றப்பட்டார். கீழே ஆட்டம் தொடர்ந்தது. மேலே கல், செருப்பு, கைகலப்பு, தள்ளுமுள்ளு. குறுகலான வழியில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். 16 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். ஸ்கோர் 0-0.

அந்த நாளை வங்காளம் மறக்கவில்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் 16-ஆம் தேதியும் கால்பந்து ரசிகர் தினம் என்று ஐ.எஃப்.ஏ. ரத்த தான முகாம் நடத்துகிறது. இந்த அணி, அந்த அணி என்று பார்க்காமல் ரசிகர்கள் போய்க் கொடுக்கிறார்கள். 2024-இல் மைதான வாசலில் கூடியவர்கள் அந்தத் தேதி முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்த ஊரில் கூடினார்கள். அந்த ஒற்றுமை திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததில்லை என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், கடந்த சில வருஷங்களில் இரு தரப்புமே ஒரே மாதிரிச் சண்டையைப் போட்டிருந்தன, அவரவர் முதலாளியோடு.

2020-இல் மோகன் பாகன் கால்பந்துப் பிரிவின் 80 சதவீதப் பங்கை ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம் வாங்கியது. பணம் வந்தது, ஐ.எஸ்.எல். வந்தது, கூடவே 'ஏ.டி.கே. மோகன் பாகன்' என்ற பெயரும் வந்தது. ஏ.டி.கே. அதே ஊரின் இன்னொரு டீம், வயது ஆறு. 1889-இல் பிறந்த பெயருக்கு முன்னால் 2014-இல் பிறந்த மூன்றெழுத்து. ஏ.டி.கே-யை எடு என்ற ஒரே கோரிக்கையோடு பேனர், ஊர்வலம், மைதானப் புறக்கணிப்பு என்று மூன்று வருஷம் விடாமல் நின்றார்கள். டீம் ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே! தோற்கும்போது கத்துவது சுலபம். 2023 மார்ச் 18, கோவாவில் பெனால்டியில் பெங்களூருவை ஜெயித்துக் கோப்பை வாங்கிய அன்றே, முதலாளி சஞ்சீவ் கோயங்கா பெயர் மாற்றத்தை அறிவித்தார். இப்போது மோகன் பாகன் சூப்பர் ஜயன்ட். பின்னால் ஒட்டு இருக்கிறது, முன்னால் இருந்தது போய்விட்டது.

ஈஸ்ட் பெங்கால் பக்கம் நிலைமை இன்னும் சிக்கல். குவெஸ் வந்தது, போனது. ஸ்ரீ சிமென்ட் வந்தது. இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கிளப் கையை விட்டுப் போய்விடும் என்றது நிர்வாகம். போடாவிட்டால் டீமே இருக்காது என்றார்கள் பல ரசிகர்கள். 2021 ஜூலை 21 அன்று கிளப் அலுவலகத்துக்கு முன்னால் ரசிகர்களே இரண்டாகப் பிரிந்து மோதிக்கொண்டார்கள், போலீஸ் தடியடி நடத்தியது. கிளப் மேல் பாசம் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வருவார்கள் என்று எந்தக் கட்டாயமும் இல்லையே. அடுத்த வருஷம் இமாமி வந்தது.

2020 ஜனவரி 19, குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்து ஒரு மாதம். கேலரியையே மூடுகிற மாதிரி ஒரு பேனரை ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் விரித்தார்கள். இந்த மண்ணை நாங்கள் ரத்தம் கொடுத்து வாங்கினோம், காகிதம் காட்டி வாங்கவில்லை என்பது அதன் பொருள். அகதிகளின் பேரப்பிள்ளைகள் எழுதியது. அன்றைக்கு மேட்சில் 2-1 என்று தோற்றார்கள். பேனர்தான் மறுநாள் பேச்சானது.

இனி நம்ம பக்கம். 2018-19 ஐ-லீக்கை ஜெயித்தது சென்னை சிட்டி, ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். 43 புள்ளி. ஒரே ஒரு புள்ளி பின்னால், 42-இல், இரண்டாவது வந்தது யார் தெரியுமா? ஈஸ்ட் பெங்கால்தான். சுவிட்சர்லாந்தின் பாஸல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கும் அளவுக்குப் பேச்சு இருந்தது. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயர் இல்லை. முதல் இடத்தில் வந்த நம்ம கிளப் மறைந்துவிட்டது, இரண்டாவது வந்த கிளப் இன்னும் இருக்கிறது. ஒரு கிளப் உயிரோடு இருப்பதற்கும் புள்ளிப் பட்டியலுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை போல.

சென்னையின் எஃப்.சி-க்கு அந்தக் குறை கொஞ்சம் குறைவு. 2014-இல் லீக்கோடு பிறந்த கிளப்தான் என்றாலும் 'சூப்பர் மச்சான்ஸ்', 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்' என்று ரசிகர் கூட்டங்கள் அமைந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவரை மச்சான் ஆக்கிக்கொள்வது நல்ல தொடக்கம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியதால் அரையிறுதி புனேவுக்குப் போனது. சொந்த ஊர் கேலரி இல்லாமல் கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்து, பிறகு கோப்பையும் வாங்கினார்கள். அந்த மாதம் வெள்ளத்தில் இருந்த ஊருக்கு அது என்ன பொருள் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பத்து வருஷம் என்பது குறைவு. பெயரை யாராவது மாற்றிப் பார்த்தால்தான் அந்தக் கூட்டத்தின் பலம் தெரியும். அப்படி ஒன்றும் நடக்காமல் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு கோல். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை, அதே சால்ட் லேக். ஈஸ்ட் பெங்கால் நாலரை வருஷமாக மோகன் பாகனை ஜெயிக்கவில்லை, தொடர்ந்து எட்டு தோல்வி. 60-ஆவது நிமிஷம், வலப்பக்கம் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி, இடது காலால் தூரத்து மூலைக்கு அடித்தார் நந்தகுமார் சேகர். சென்னைப் பையன், முன்பு சென்னை சிட்டிக்கு ஆடியவர். 1-0. எட்டு முறை தோற்றும் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் கேலரியில் தீப்பந்தக் கொடியை ஆட்டிக்கொண்டு அழுதார்கள். ஹில்சாவுக்கு மறுநாள் என்ன விலை என்று ஒரு கொல்கத்தா நண்பரிடம் கேட்டேன். அவர் மோகன் பாகன் ஆள், இன்னும் பதில் வரலை.