ஐஸ் ஹவுஸ் முதல் மாடம்பாக்கம் வரை: சகோதரி சுப்புலட்சுமியின் தொண்டு வளர்ந்த விதம்

கைம்பெண் மறுமணத்தைச் சட்டம் 1856-இல் ஏற்றுக்கொண்டது. கால் நூற்றாண்டு கழித்து, 1881-இல், கந்துகூரி வீரேசலிங்கம் ராஜமகேந்திரவரத்தில் அத்தகைய திருமணத்தை நடத்தியும் காட்டினார். சென்னை மாகாணத்துப் பிராமண வீடுகளில் பத்து வயதில் தாலி இழந்த சிறுமிகளின் நிலை இவற்றால் பெரிதாக மாறிவிடவில்லை. தலையை மழித்து, நார்மடி உடுத்தி, ஒருவேளைச் சோற்றுக்கு உடன்பிறந்தான் வீட்டு அடுக்களையை நம்பியிருந்த பெண்ணுக்கு மறுமணச் சட்டம் எட்டாத தொலைவில் இருந்தது. அவளுக்கு எட்டியது ஆசிரியர் வேலையும் அதன் மாதச் சம்பளமும்தான். கைம்பெண் சீர்திருத்தம் திருமணத்திலிருந்து பிழைப்புக்குத் திரும்பிய இந்த மாற்றத்தில் ஆர். எஸ். சுப்புலட்சுமியின் பங்கே தமிழகத்தில் முதன்மையானது என்பது என் கருத்து.

அவர் பிறந்தது 1886 ஆகஸ்ட் 18, மயிலாப்பூரில். பதினொரு வயதில் மணம். சில காலத்திலேயே கணவர் இறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயரும் தாய் விசாலாட்சியும் மகளின் தலையை மழிக்கச் சம்மதிக்கவில்லை. அவரைப் படிக்க வைத்தார்கள். அந்த நாளில் இது உற்றார் உறவை எல்லாம் பகைத்துக்கொள்ளும் முடிவு. கான்வென்டில் படித்தபோது அங்கிருந்த கன்னியர்களின் தன்னலமற்ற உழைப்பு அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. பின்னாளில் ஊரார் அவரையும் ‘சிஸ்டர்’ என்றே அழைத்தார்கள். மாநிலக் கல்லூரியில் பயின்று 1911-இல் பி.ஏ. தேறியபோது, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

அப்போது பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைப்பது அரிதாக இருந்தது. வயது வந்த மகளை ஆண் வாத்தியாரிடம் அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். மணமான பெண்களோ வேலைக்கு வரவில்லை. மறுபக்கம், வீட்டில் வேண்டாதவர்களாக ஒதுக்கப்பட்ட இளம் கைம்பெண்கள் இருந்தார்கள். கல்வித்துறையில் பெண் கல்வியைக் கவனித்துவந்த கிறிஸ்டினா லிஞ்ச் அம்மையாரும் சுப்புலட்சுமியும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். எழும்பூர் வீட்டில் நான்கு பெண்களோடு தொடங்கிய முயற்சிக்கு 1912-இல் சாரதா மகளிர் சங்கம் துணையாக உருவாயிற்று. அரசு உதவியோடு விடுதியும் வந்தது. இது அனுதாபத்தால் மட்டும் எழுந்த ஏற்பாடாக இருந்திருந்தால் நன்கொடை வற்றியதும் நின்றிருக்கும். ஆசிரியை வேண்டும் என்ற அரசின் தேவையோடு அது பிணைந்திருந்ததால்தான் நிலைத்தது.

சில ஆண்டுகளில் விடுதி கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸுக்கு இடம் மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய கிடங்கு அது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். வட்டமான முகப்புடைய அந்தக் கட்டடத்தில் சமையலும் பந்தியும் ஆசாரத்தின்படியே நடந்தன. இல்லத்தைத் தாயாக நின்று நடத்தியவர் சுப்புலட்சுமியின் சித்தி வாலாம்பாள், அவரும் கைம்பெண். பள்ளிப் பாடம் ஒருபுறம் இருக்க, ‘இங்கே வந்ததால் என் பெண் குலம் கெடவில்லை’ என்று ஊரில் இருக்கும் தகப்பன் நம்புவதற்குச் சித்தியின் அடுக்களையே சாட்சியாயிற்று. பண்டித ரமாபாய் 1889-இல் தொடங்கிய கைம்பெண் பள்ளி மதமாற்ற ஐயத்தால் இந்துக் குடும்பங்களின் ஆதரவை இழந்திருந்தது. அந்த நிலை இங்கே வந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையைச் சுப்புலட்சுமியின் ஒவ்வொரு ஏற்பாட்டிலும் காணலாம்.

இந்த எச்சரிக்கைக்கு ஒரு விலை உண்டு. அரசுப் பணம் பெற்ற அந்த விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதே 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் தொடங்கிய அவ்வை இல்லம் சாதி பாராமல் பெண்களை ஏற்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது முன்னதன் குறை மறைவதில்லை; மறைக்கவும் கூடாது. கைம்மையின் கொடுமை மிகக் கடுமையாக இருந்த வீடுகளுக்குள் நுழைய சுப்புலட்சுமி தேர்ந்த வழி அது என்பதே நாம் சொல்லக்கூடியது.

அவருடைய நிறுவனங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் மேலே படிக்க 1914-இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரி நடந்து போகும் தூரத்தில் இருந்தது. 1922-இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி அமைந்தபோது அதன் முதல் முதல்வர் சுப்புலட்சுமியே. படித்து முடித்த பெண் அங்கே பயிற்சி பெற்று ஆசிரியையாக வெளியே வர முடிந்தது. அரசு விடுதியிலோ பதினெட்டு வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்க விதி இடம் தரவில்லை. இருபதிலும் முப்பதிலும் கதவைத் தட்டியவர்களைத் திருப்பி அனுப்ப மனமின்றி, சாரதா மகளிர் சங்கத்தின் வழியாக அவர்களுக்கென்றே எழுப்பியது சாரதா வித்தியாலயம். பின்னர் அது ராமகிருஷ்ண மிஷன் பொறுப்பில் தியாகராய நகரில் வளர்ந்தது. ஒரு விதி யாரை வெளியே நிறுத்தியதோ அவர்களுக்காகவே அடுத்த கட்டடம் எழுந்தது.

அரசு ஊழியர் என்பதால் பொது இயக்கங்களில் வெளிப்படையாக ஈடுபட அவருக்குத் தடைகள் இருந்தன. ஆயினும் இந்திய மாதர் சங்கத்துப் பெண்களோடு உறவு விடவில்லை. குழந்தை மணத்தை எதிர்த்துப் பேசினார். பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக உயர்த்திய சாரதா சட்டம் 1930-இல் நடைமுறைக்கு வந்தது. கைம்பெண்ணுக்குப் பிழைப்புக் காட்டியவர், கைம்பெண்கள் உருவாகும் ஊற்றையே அடைக்க நின்றதை அவர் பணியின் இயல்பான அடுத்த கட்டமாகவே காண்கிறேன்.

ஓய்வுபெற்ற பின் வேலை குறையவில்லை. 1942-இல் வயதுவந்த பெண்களுக்காக மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். வித்யா மந்திர் பள்ளி 1956-இல் தோன்றவும் துணைநின்றார். 1952 முதல் 1956 வரை சட்ட மேலவை உறுப்பினர். எனினும் இந்தக் காலத்தில் பெரிதும் கவனிக்கத்தக்கது, 1954-இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் தொடங்கிய பெண்கள், குழந்தைகள் நல மையம். நகரத்து மேல்சாதி வீட்டு முற்றத்தில் தொடங்கிய தொண்டு, எழுபதை நெருங்கும் வயதில் கிராமத்துத் தாய்மாரையும் பிள்ளைகளையும் தேடிப் போனது.

அரசு 1920-இல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கமும் 1958-இல் பத்மஸ்ரீயும் வழங்கியது. மோனிகா ஃபெல்டன் 1966-இல் அவர் வாழ்க்கையை ஆங்கில நூலாக்கினார். 1969 டிசம்பர் 20-இல் அவர் மறைந்தார். அவரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இந்தப் பட்டங்களோடு நின்றுவிடுகின்றன. ஐஸ் ஹவுஸிலிருந்து வெளியேறி ஊர் ஊராகப் பாடம் சொன்ன ஆசிரியைகளின் பணிப் பதிவேடுகளிலிருந்து தொடங்கி அவரது வரலாற்றை எழுத வேண்டும்: எந்த ஊரில் எத்தனை ஆண்டு, என்ன சம்பளம், அந்தப் பணத்தில் யாரைப் படிக்க வைத்தார்கள் என்று.