அம்மாவின் நாலு வருஷப் பிறப்பு

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு நாலு தடவை வருஷம் பிறக்கும். ஜனவரி 1, ஏப்ரல் 1, உகாதி, சித்திரை 1. சித்தூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும், அதற்கு நூறு வருஷ சரித்திரத்தைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். பி.காம். படித்துவிட்டு பேங்கில் உட்கார்ந்திருப்பவன் சரித்திரம் எழுதலாமா என்று கேட்காதீர்கள். என் கையில் இருக்கும் ஆவணம் ஒரு கணக்கு நோட்டுதான். அதைப் படிக்க பி.காம். போதும் :-)

நோட்டு அம்மாவுடையது. அப்பா சித்தூரில் ஒரு வெல்ல மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மண்டியிலிருந்து வரும் நீள நோட்டை எடுத்து, மூலைக்கு மூலை மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, கீழே 'லாபம்' என்று எழுதி அம்மா ஆரம்பிப்பார். பால், கீரை, மண்ணெண்ணெய், ஸ்கூல் ஃபீஸ், மொய், வெள்ளிக்கிழமை பூ. எல்லாம் பென்சிலில், தமிழில். 1978ல் கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு வருஷம்கூட விட்டதில்லை. சாதாரண நாளில் அரைப் பக்கம் நிரம்பும். மேலே சொன்ன நாலு தேதிகளில் மட்டும் பக்கம் போதாமல் ஓரத்தில் குறுக்கே எழுதியிருப்பார்.

ஜனவரி 1க்கான செலவு முந்தின நாளே ஆரம்பித்துவிடும்: 'திருத்தணி, பஸ், கற்பூரம், மஞ்சள், குங்குமம்.' அம்மாவுக்குப் பிறந்த வீடு திருத்தணி பக்கம். அங்கே டிசம்பர் 31ல் திருப்படித் திருவிழா நடக்கும். மலைக்கு 365 படிகள், வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். இது புராண காலத்து வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 1917ல் வள்ளிமலை சுவாமிகள் ஆரம்பித்து வைத்தது. அந்தக் காலத்தில் ஜனவரி 1 வந்தால் நம்மாட்கள் எலுமிச்சம்பழமும் மாலையுமாக வெள்ளைக்கார துரை வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். துரைக்கெல்லாம் துரை மலைமேல் இருக்கும்போது இங்கே எதற்கு நிற்கிறீர்கள் என்று சுவாமிகள் எல்லோரையும் முருகன் பக்கம் திருப்பிவிட்டார். ஆங்கிலப் புத்தாண்டை எதிர்க்கவில்லை, அதை அப்படியே மலைமேல் ஏற்றிவிட்டார். கெட்டிக்காரர்.

அந்தப் பக்கம் திருமலையில் கதை வேறு மாதிரி. ஜனவரி 1 மார்கழியில் வருகிறது. மார்கழி மாதம் முழுக்க அங்கே சுப்ரபாதம் கிடையாது, அதற்குப் பதில் திருப்பாவை. ஆக, இங்கிலீஷ் வருஷப் பிறப்பு அன்றைக்கு விடியற்காலையில், தெலுங்கு மாநிலத்துக் கோயிலில், தமிழ்ப் பாசுரம் சேவிக்கிறார்கள். திருப்பதியில் குடியிருக்கும் சித்தி இதை ஒவ்வொரு வருஷமும் புதுச் செய்தி மாதிரி அம்மாவிடம் சொல்வார். அம்மாவும் புதுசாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்வார்.

ஏப்ரல் 1 எப்படி எங்கள் வீட்டு வருஷப் பிறப்பானது? பேங்க் ஆள் என்பதால் நான் சேர்த்துக்கொண்டது என்று நினைப்பீர்கள். இல்லை. அம்மாவின் விலாசத்தையே மாற்றிய தேதி அது.

இந்திய அரசாங்கத்தின் கணக்கு வருஷம் 1867 முதல் ஏப்ரல் 1ல் தொடங்குகிறது. அதற்கு முன்னால் மே 1. (பேங்குகள் 1980களின் கடைசி வரை டிசம்பர் 31ல்தான் கணக்கு முடித்தன, அப்புறம்தான் மார்ச் 31க்கு மாறின. ரிடையர் ஆன பெரியவர்களைக் கேளுங்கள், பெருமூச்சு விடுவார்கள்.) கணக்கு புதிதாகத் தொடங்கும் நாளிலேயே எல்லைகளையும் மாற்றினால் வரவு செலவைப் பிரிப்பது சுலபம். சித்தூர் மாவட்டம் பிறந்ததும் 1911 ஏப்ரல் 1லேதான். அதுவரை சித்தூர் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம். சித்தூர், திருப்பதி பகுதிகளை அதிலிருந்தும், மதனப்பள்ளி பக்கத்தைக் கடப்பாவிலிருந்தும் எடுத்துச் சேர்த்துப் புது மாவட்டம் செய்தார்கள். வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைநகரமானது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற ஒரு மாவட்டம் அப்படி உருவாயிற்று.

1953 அக்டோபர் 1ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இந்த மாவட்டம் முழுசாக ஆந்திராவுக்குப் போனது. (அக்டோபர் 1 அரை வருஷக் கணக்கு தொடங்கும் நாள், கவனித்தீர்களா?) ம.பொ.சி.யும் தமிழரசுக் கழகமும் வேங்கடமே தமிழகத்தின் வட எல்லை என்று சொல்லி, திருப்பதியும் சித்தூரும் திருத்தணியும் வேண்டும் என்று போராடினார்கள். கடைசியில் மத்தியஸ்தம் செய்ய வந்தவர் ஹெச்.வி. படாஸ்கர். அவர் சிபாரிசின்படி 1959ல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தில், செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. பதிலுக்கு சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போயின. திருப்பதியும் சித்தூரும் ஆந்திராவிலேயே நின்றன.

அம்மா பிறந்தது 1955ல். அப்போது அவர் ஊர் ஆந்திராவில் சித்தூர் மாவட்டம். ஐந்து வயதில் ஊர் சென்னை மாநிலமாகிவிட்டது. 23 வயதில் சித்தூருக்கு வாழ்க்கைப்பட்டு மறுபடி ஆந்திரா. பிறந்த ஊர் 1997 ஜனவரி 1ல் திருவள்ளூர் மாவட்டமாகவும் ஆனது. "நான் எங்கேயும் போகலடா. அவங்கதான் கோடு போட்டுப் போட்டு அழிச்சாங்க" என்பார். தாத்தா சாகும்வரை நிலவரி ரசீதுகளை இரண்டு கட்டாகக் கட்டி வைத்திருந்தார். சித்தூர் கட்டு, செங்கல்பட்டு கட்டு.

சரி, உகாதிக்கு வருவோம். நோட்டில் தடிமனான பக்கம் இதுதான். தெலுங்கு வருஷம் சந்திரனை வைத்து, தமிழ் வருஷம் சூரியனை வைத்து. பன்னிரண்டு சந்திர மாதம் 354 நாள்தான், சூரிய வருஷத்துக்கு சுமார் 11 நாள் குறைவு. அதனால் உகாதி வருஷா வருஷம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும், அதிக மாதம் வந்தால் மறுபடி பின்னால் வரும். 2023ல் உகாதி மார்ச் 22, சித்திரை 1க்கு மூணு வாரத்துக்கும் மேல் இடைவெளி. 2021ல் ஏப்ரல் 13 உகாதி, 14 சித்திரை. அந்த வருஷம் அம்மா வடைக்கு ஒரே தடவை உளுந்து ஊறவைத்தார். வேடிக்கை என்னவென்றால் வருஷத்தின் பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். அறுபது பெயர் கொண்ட அதே சக்கரம். 2025ல் மார்ச் 30ல் தெலுங்குக்காரர்களுக்கு விசுவாவசு பிறந்தது, ஏப்ரல் 14ல் நமக்கும் அதே விசுவாவசு. இடையில் இருந்த இரண்டு வாரம் எதிர் வீட்டில் விசுவாவசு, எங்கள் வீட்டில் குரோதி!

எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மாவை நாங்கள் பெத்தம்மா என்போம், அம்மா 'அக்கா' என்பார். உகாதி அன்று காலை எட்டு மணிக்குள் பெத்தம்மா வீட்டிலிருந்து ஒரு சொம்பில் உகாதி பச்சடி வரும். வேப்பம்பூ, புதுப்புளி, மாங்காய், சித்தூர் வெல்லம், உப்பு, காரம். கூடவே போளி. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது. ஆனால் நமக்கு வருஷப் பிறப்பு இன்னும் வரவில்லையே? அதனால் அந்தச் சொம்பு எங்கள் வீட்டு அலமாரியில் காத்திருக்கும். சித்திரை 1 அன்றுதான் மாங்காய்ப் பச்சடியோ பாயசமோ நிரம்பி எதிர்வீட்டுக்குத் திரும்பும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது தமிழ் வருஷப் பிறப்புக்கு இன்னும் எத்தனை நாள் என்பதை அந்தச் சொம்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். பச்சடிக்குப் போக மிச்ச வேப்பம்பூவை அம்மா முறத்தில் காயவைத்து டப்பாவில் எடுத்து வைப்பார். வருஷம் பூராவும் ரசத்துக்கு.

உகாதி மாலை கோயிலில் பஞ்சாங்கம் படிப்பார்கள். ராசிக்கு ராசி ஆதாயம் இவ்வளவு, விரயம் இவ்வளவு, ராஜபூஜ்யம் இவ்வளவு, அவமானம் இவ்வளவு என்று நம்பர் போட்டுச் சொல்வார்கள். அவமானத்துக்கும் நம்பர் உண்டு, எங்கள் ஆடிட்டில்கூட இல்லாத வசதி. அம்மா வீட்டிலிருக்கும் அத்தனை பேர் ராசிக்கும் ஆதாயத்தைக் கூட்டி, விரயத்தைக் கழித்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பார். மிச்சம் வந்தால் அப்பாவிடம் ஒரு புடவை கேட்பார். துண்டு விழுந்தால் "தமிழ்ப் பஞ்சாங்கத்துல பார்ப்போம்" என்பார்.

சித்திரை 1க்கு இத்தனை ஆரவாரம் இல்லை. ஆந்திராவில் உகாதிக்கு விடுமுறை, தமிழ் வருஷப் பிறப்புக்கு என்று தனியாகக் கிடையாது. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் என்பதால் விடுமுறை கிடைத்துவிடும். ஆனால் 2012 மாதிரி ஏப்ரல் 13லேயே சித்திரை பிறந்துவிட்டால் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட வருஷங்களில் அம்மா நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு, ஆபீஸ் போகிறவர் கிளம்புவதற்குள் வடை பாயசத்தோடு இலை போட்டுவிடுவார். விடுமுறை இல்லாத பண்டிகை முழுசாக அம்மாக்களின் முதுகில்தான் ஏறுகிறது. 2008ல் தமிழ்நாட்டில் தை 1தான் தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது, 2011ல் அதை ரத்து செய்தார்கள். அந்த மூன்று வருஷமும் திருத்தணி மாமா பொங்கலன்று போன் பண்ணி வாழ்த்துச் சொன்னார். "அது உங்க மாநிலத்துக்கு" என்று அம்மா சொல்லிவிட்டு, சித்திரை 1லேயே புது நோட்டு தொடங்கினார். கல்லூரி நாட்களில் ஒரு தடவை நான், ஏப்ரல் 1லிருந்து தொடங்கினால் அரசாங்கக் கணக்கோடு ஒத்துப்போகுமே என்றேன். "கவர்மெண்டா எனக்கு மளிகை வாங்கித் தருது?"

தலைப்பில் நாலு என்று எழுதினேன், ஐந்தாவதும் ஒன்று உண்டு. அது பெருமாளுடையது. திருமலைக் கோயிலில் ஜூலை நடுவில், ஆனி மாதம் முடியும்போது, ஆனிவார ஆஸ்தானம் என்று ஒரு விழா. 1843ல் கம்பெனி சர்க்கார் கோயில் நிர்வாகத்தை ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தது. அவர்கள் காலத்தில் இந்த நாளில்தான் கோயிலின் வரவு செலவுக் கணக்கு புதிதாகத் தொடங்கும். 1933ல் தேவஸ்தானம் அமைந்தது. பிறகு பட்ஜெட் மார்ச்–ஏப்ரலுக்கு மாறிவிட்டது, விழா மட்டும் தமிழ் மாதப் பெயரோடு அங்கேயே நிற்கிறது. அன்று ஸ்ரீரங்கத்திலிருந்து பட்டு வஸ்திரங்கள் வரும். கோயில் சாவிக்கொத்தை ஜீயர்கள் கையிலும் நிர்வாக அதிகாரி கையிலும் கொடுத்து வாங்கி, கடைசியில் பெருமாள் பாதத்தில் வைத்துவிடுவார்கள். பேங்கில் பெட்டகச் சாவியை இரண்டு அதிகாரிகள் கூட்டாக வைத்திருக்கும் முறையை நினைத்துக்கொண்டேன். நான் இப்போதிருக்கும் அகமதாபாத்தில் வியாபாரிகள் தீபாவளியன்று கணக்குப் புத்தகத்துக்கு பூஜை போடுகிறார்கள், சோப்டா பூஜை என்று. முதல் பக்கத்தில் ஸ்வஸ்திக்கும் 'லாப'மும் பார்த்தபோது அம்மாவின் நோட்டு மாதிரியே இருந்தது.

2020ஐச் சொல்லாமல் விட முடியாது. நாடு முழுக்க ஊரடங்கின் முதல் நாள் மார்ச் 25. அன்றைக்கு உகாதி. ஏப்ரல் 14 காலையில் பிரதமர் டிவியில் வந்து மே 3 வரை நீட்டித்தார். அன்றைக்கு சித்திரை 1. இரண்டு வருஷப் பிறப்புக்கும் நடுவில் அம்மா வீட்டில் தனியாக. அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். பேங்க் அத்தியாவசிய சேவை என்பதால் நான் இங்கே கவுண்டரில். திருமலையில் பக்தர்களுக்கு தரிசனம் இல்லை. பெத்தம்மா வீட்டுச் சொம்பு அந்த உகாதிக்கு வரவில்லை, வாசலில் நின்று இரண்டு பேரும் தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசிக்கொண்டார்களாம். நோட்டில் அன்றைய பக்கத்தில் 'பால்' மட்டும் இருக்கிறது. சித்திரை 1ல் புது நோட்டு கிடைக்கவில்லை, பழைய நோட்டிலேயே ஒரு கோடு கிழித்து, கீழே மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார்.

2022ல் ஆந்திராவில் மாவட்டங்களை மறுபடி பிரித்தார்கள். உகாதி ஏப்ரல் 2, திருப்பதி மாவட்டம் பிறந்தது ஏப்ரல் 4. சித்தி வேறு மாவட்டமாகிவிட்டார். என் பெண்ணுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. போன லீவில் இந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினாள். "திரு–த்–தணி, ப–ஸ்" என்று படித்துவிட்டு, திருப்பதிக்கு ஏன் பஸ் காசு போடலை பாட்டி என்று கேட்டாள். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திராவில் பெண்களுக்கு பஸ் இலவசம், மாநிலத்துக்குள் மட்டும். சித்தூரிலிருந்து தங்கை வீட்டுக்கு ஆதாரைக் காட்டினால் போதும். பிறந்த வீட்டுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.