இறந்தவருக்குக் கொடுத்த வாக்கு: எச்.ஐ.வி. ஆய்வில் இறுதிக்காலத் திசுக்கொடை

இறந்த ஆறு மணி நேரத்துக்குள் உடல் ஆய்வு மேசைக்கு வந்துவிட வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 2017 முதல் நடந்துவரும் ‘லாஸ்ட் கிஃப்ட்’, அதாவது ‘கடைசிக் கொடை’ என்னும் ஆய்வு தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் கெடு இது. எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்ந்து, புற்றுநோய் போன்ற வேறொரு நோயால் ஆறு மாதத்துக்குமேல் தாங்க மாட்டார்கள் என்று மருத்துவர்கள் கணித்தவர்கள்தான் இதில் சேர்கிறார்கள். உயிரோடு இருக்கும்வரை அவ்வப்போது இரத்தம் தருகிறார்கள். இறந்தபின் உடலைத் தருகிறார்கள். மூளை, குடல், மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள் என உறுப்பு உறுப்பாகத் துண்டெடுத்து உறைநிலையில் வைக்கிறார்கள். தாமதமானால் திசு தன்னைத்தானே கரைக்கத் தொடங்கிவிடும், வைரஸின் ஆர்.என்.ஏ.வும் சிதையும்.

இத்தனை அவசரம் எதற்கு? கூட்டு மருந்துகளை உட்கொள்பவரின் இரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆனாலும் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மீண்டும் தலைதூக்குகிறது. உறங்கும் சிடி4 நோயெதிர்ப்பு அணுக்களின் மரபணுவுக்குள் வைரஸ் பதுங்கியிருப்பதே காரணம் என்று 1997-இல் நிறுவப்பட்டது. அத்தகைய அணு ஏறத்தாழ பத்து லட்சத்துக்கு ஒன்றுதான். உடலிலுள்ள நிணநீர் அணுக்களில் சுமார் 2 விழுக்காடு மட்டுமே இரத்தத்தில் ஓடுகிறது. எஞ்சியவை திசுக்களில் கிடக்கின்றன. இரத்தத்தை மட்டும் பார்த்து வைரஸின் இருப்பிடத்தைச் சொல்வது, வாசலில் நிற்பவரை எண்ணிவிட்டு வீட்டில் எத்தனை பேர் என்று சொல்வதைப் போன்றது. உயிரோடிருப்பவரிடம் நிணநீர்க் கணுவிலோ குடலிலோ சிறு துண்டு கேட்கலாம். மூளையைக் கேட்க முடியுமா?

2020-இல் இக்குழு வெளியிட்ட கட்டுரை ஆறு பேரைப் பற்றியது. நால்வர் இறுதிவரை மருந்தால் வைரஸ் கட்டுப்பட்டிருந்தவர்கள். இருவர் மருந்தை நிறுத்தி, வைரஸ் திரும்பியவர்கள். இரத்த அணுக்களிலும் 28 திசுக்களிலுமாக, வைரஸ் உறைக்கான முழுமையான மரபணு வரிசைகள் 605 கிடைத்தன. இவற்றை ஒப்பிட்டபோது, மருந்து நின்றபின் இரத்தத்தில் ஒரே அச்சாகப் பெருகிய வைரஸ் கூட்டம் உடல் முழுதும் குடியேறியது தெரிந்தது. பரவலுக்குப் பல உறுப்புகள் ஊற்றாக இருந்தாலும் இரத்தமும் நிணநீர்த் திசுக்களுமே முதன்மை ஊற்றுகள். மூளையின் பகுதிகளுக்கிடையேயும், மூளையைக் காக்கும் தடுப்பைத் தாண்டியும் வைரஸ் போய்வந்திருக்கிறது. ஆறு பேர் என்பது சிறிய எண்தான். ஆனால் உயிருள்ள ஆயிரம் பேரின் குழாய்க் குருதியில் இதைப் படித்திருக்க இயலாது.

ஆக, ஆய்வின் பயனைப் பற்றி எனக்கு ஐயமில்லை. ஐயமெல்லாம் ‘கொடை’ என்ற சொல்லைப் பற்றியே. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் பழமொழி. இங்கே பெறுபவர் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும். மாட்டின் பல்லை அல்ல, தம் கையிலுள்ள ஒப்புதலின் பல்லை.

அமெரிக்கக் கூட்டாட்சி ஆய்வு விதிகளின்படி ‘மனித ஆய்வுப் பங்கேற்பாளர்’ என்பவர் உயிருள்ளவர் மட்டுமே. மூச்சு நின்ற நொடியில் அந்தப் பாதுகாப்பும் நின்றுவிடுகிறது. உடற்கொடைச் சட்டங்கள் அவர் எழுதிவைத்த விருப்பத்தைக் காக்கின்றன. 2006-இல் திருத்தப்பட்ட மாதிரிச் சட்டம் குடும்பத்தார் அதை மாற்றுவதையும் தடுக்கிறது. ஆனால் எழுதிவைக்காத கேள்விகளுக்கு அவற்றில் விடையில்லை. இந்த ஆய்வின் முக்கியப் பகுதி தொடங்குவதோ மூச்சு நின்ற அந்த நொடியில்தான். ஒப்புதல் தந்தவர் இனி முறையிட முடியாது. மனம் மாறவும் முடியாது. கொடையின் மொழி நம் கவனத்தைக் கொடுத்தவரின் பெருந்தன்மையில் நிறுத்துகிறது. நானோ இதை ஒரு வாக்குறுதியாகவே பார்க்கிறேன்: கேட்டுவாங்க ஆளில்லாத வாக்குறுதி. கடன் கொடுத்தவர் செத்துவிட்டார் என்பதால் கடன் தீர்ந்துவிடுவதில்லை.

இத்தகைய ஆய்வுக்கு எழும் மறுப்பு பழையது: சாகக் கிடப்பவர் பலவீனமானவர், அவரிடம் ஆய்வு என்று போய் நிற்பதே தவறு. இந்த இரக்கத்தை நான் நம்புவதில்லை. எய்ட்ஸ் நோயாளிகள் 1983-இல் டென்வரில் கூடி வெளியிட்ட கோட்பாடுகள், தங்களைப் பலியானவர்கள் என்று அழைக்காதீர்கள் என்றன. முடிவெடுக்கும் ஒவ்வொரு நிலையிலும் தங்களுக்கு இடம் கேட்டன. சிகிச்சை பாதிக்காமல் ஆய்வை மறுக்கும் உரிமையையும் கேட்டன. எச்.ஐ.வி. உள்ளவரின் உறுப்பை யாருக்கும் பொருத்தக்கூடாது என்று அமெரிக்கச் சட்டம் 1988 முதல் தடுத்துவைத்திருந்ததையும் மறக்கக்கூடாது. 2013-இல் வந்த ஹோப் சட்டம், தொற்றுள்ளவரிடமிருந்து தொற்றுள்ளவருக்கு ஆய்வு முறையில் பொருத்தலாம் என வழிவிட்டது. கால் நூற்றாண்டுக் காலம் ‘உன் உடல் யாருக்கும் உதவாது’ என்று சொல்லக் கேட்டவர்களிடம் இப்போது ‘நீ பலவீனன், கொடுக்காதே’ என்பது அதே விலக்கலின் நயமான வடிவம். பங்கேற்றவர்களை நேர்கண்ட சமூக ஆய்வாளர்களிடம் பலரும், தம் வாழ்வுக்கு ஒரு பொருள் கிடைத்ததென்றும் பின்வருவோருக்கு உதவும் நிறைவு கிடைத்ததென்றும் சொல்லியிருக்கிறார்கள். சேர்பவர் வெறுங்கையோடு போவதில்லை என்பதால் கொடையின் தூய்மை குறைந்துவிடாது.

இன்னொரு மறுப்புக்கு விடை இவ்வளவு எளிதில்லை. அது மருந்தை நிறுத்துவது பற்றியது. கடைசி வாரங்களில் விழுங்க முடியாமல், வேறு மருந்துகளோடு ஒத்துப்போகாமல், களைத்துப்போய் மாத்திரையைக் கைவிடுபவர் உண்டு. அது அவர் முடிவு. ஆனால் வைரஸ் திரும்புவதைப் பார்ப்பதற்காகவே நிறுத்துங்கள் என்று ஆய்வாளர் கேட்டால்? கண்டிப்பாகக் கூடாது என்பதற்கில்லை. எனினும் இரண்டு நிபந்தனைகளை வைப்பேன். அக்கேள்வியைப் பற்றி ஆய்வுக்குழுவுக்கு வெளியிலுள்ள மருத்துவர் அவரோடு தனியாகப் பேச வேண்டும். உடலுறவுத் துணை இருந்தால் தொற்றும் வாய்ப்பை அவருக்கும் சொல்ல வேண்டும். ‘எப்படியும் சாகப்போகிறவர்தானே’ என்ற எண்ணம் எந்த நல்லவர் மனத்திலும் ஒரு கணம் நுழையக்கூடியது. அதைத் தடுக்கும் வேலி ஆய்வாளரின் நல்லெண்ணத்தால் மட்டும் கட்டப்பட்டால் போதாது.

குடும்பத்துக்கு வருவோம். மரணப்படுக்கையில் இருப்பவரின் அண்ணனுக்கு அவர் தொற்று தெரியாமலிருக்கலாம்; மரணத்துக்குப் பின் உடல் ஏன் ஆய்வகம் போகிறது என்று அவர் கேட்பார். இந்நோயின் வரலாற்றில் சட்டப்படி உறவினர் ஒருவராகவும், உண்மையில் உடனிருந்து துடைத்துவிட்டவர் வேறொருவராகவும் இருந்தது உண்டு. எண்பதுகளில் ஓரினத் துணைவர்கள் பலர் மருத்துவமனை வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். ஆறு மணி நேரக் கெடுவுக்குள் தொலைபேசியை எடுத்து முதலில் அழைக்க வேண்டியவர் யார் என்பது இந்த நிலையில் வெறும் நிர்வாகக் கேள்வி அல்ல.

உறைபெட்டியில் கிடக்கும் திசு பத்தாண்டு கழித்தும் ஆய்வுக்கு உதவும். அன்று எழப்போகும் கேள்விகளை இன்று எந்தப் படிவமும் எழுதிவைக்க முடியாது. அதனால் ஒப்புதல் கேட்கும் உரையாடலிலேயே, தாம் இறந்தபின் புதிய பயன்பாடு எதுவானாலும் யாரைக் கேட்க வேண்டும், முடிவுகள் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கொடுப்பவரே ஒருவரைத் தேர்ந்து சொல்ல இடம் இருக்க வேண்டும். இரத்த உறவாக அவர் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை இரத்தம் எடுக்கும்போதும் அந்தப் பெயரைப் படித்துக்காட்டி, ‘இதே ஆள்தானே?’ என்று கேட்டுக்கொள்ளலாம்.