பட்லர் பேசிய இங்கிலீஷ், அம்மா பேசும் இங்கிலீஷ்

இந்த எபிசோட்ல ரொம்பச் சின்ன வாக்கியங்களோட வரலாற்றைப் பார்க்கப்போறோம். "கம் ஃபாஸ்ட்", "ஃபினிஷ் யுவர் மில்க்", "டோன்ட் டச்", "வேர் இஸ் யுவர் சாக்ஸ்?" மதுரை அண்ணா நகர்லயோ கே.கே. நகர்லயோ, ஸ்கூல் வேன் வர்ற நேரத்துல காது கொடுத்துக் கேளுங்க. பாதி வீடுகள்ல இந்த இங்கிலீஷ்தான் ஓடிக்கிட்டு இருக்கும். அதே அம்மா, வேன் கிளம்பினதும் பக்கத்து வீட்டு அக்காகிட்ட முழுசா மதுரைத் தமிழ்ல பேச ஆரம்பிச்சிடுவாங்க.

இந்த வீட்டு இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூடத்துல இருந்துன்னு தோணும். ஆனா நம்ம ஊர்ப்பக்கம் வீட்டுக்குள்ள முதல்ல இங்கிலீஷ் பேசின தமிழர்கள்ல பலர் பள்ளிக்கூடத்தையே பார்க்காதவங்க.

1801ல கர்நாடக நவாபோட செஞ்ச ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தப் பகுதி மொத்தமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. கலெக்டர் வந்தார், அவருக்குப் பங்களா வந்தது. பங்களான்னா பட்லர், சமையல்காரர், ஆயா. இந்த "ஆயா"வே போர்த்துக்கீசியச் சொல்தான். ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். நம்ம வீடுகளுக்குள்ள வெளிநாட்டு வார்த்தை நுழையறது புதுசு இல்லை.

அந்தக் காலத்து மதுரைக் கலெக்டர்கள்ல மக்கள் இன்னும் பேசுற பேர் ரவுஸ் பீட்டர். 1812ல இருந்து 1828 வரைக்கும் இங்க இருந்தவர். "பீட்டர் பாண்டியன்"னு செல்லப்பேரே உண்டு. "பீட்டர் விடாத"ன்னு நாம சொல்ற பீட்டர் இவர்தானான்னு உடனே ஆராய்ச்சில இறங்கிடாதீங்க, அது வேற கதை!

இவர் வீட்டு அடுப்படியைப் பத்தி ஒரு கதை இருக்கு. சென்னையில எல்லிஸ்னு ஒரு அதிகாரி இருந்தார். இங்கிலீஷ்காரங்க இந்திய மொழிகளைக் கத்துக்கறதுக்காக 1812ல தொடங்கின செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக்குப் பின்னால இருந்தவர். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதத்துல இருந்து பிறக்கலை, தனிக் குடும்பம்னு 1816லயே அச்சுல எழுதினவர். 1819ல ராமநாதபுரத்துல இறந்துபோனார். அவர் எழுதி வச்சிருந்த காகிதங்கள் மதுரையில பீட்டர் வீட்டுச் சமையல்காரர் கையில சிக்கி, மாசக்கணக்கா அடுப்புப் பத்த வைக்கவும் கோழி வாட்டவும் போயிடுச்சுன்னு பின்னால வந்த இங்கிலீஷ் அறிஞர்கள் எழுதி வச்சிருக்காங்க.

கதை எவ்வளவு தூரம் உண்மையோ, அதுல பழி விழுறது யார் மேலன்னு பாருங்க. கலெக்டர் வீட்டுல நடந்த விஷயம், ஆனா பழி பேர் தெரியாத ஒரு சமையல்காரருக்கு. அவர் தன் துரைகிட்ட எந்த மொழியில பேசினார்னு அந்தக் கதை சொல்லவே இல்லை.

ஆனா அவரை மாதிரி ஆட்கள் எப்படிப் பேசினாங்கன்னு ஒரு தடயம் கிடைச்சிருக்கு. 1886ல "ஹாப்சன் ஜாப்சன்"னு ஒரு அகராதி வந்தது. யூல், பர்னெல்னு ரெண்டு பேர் தொகுத்தது. அதுல "பட்லர் இங்கிலீஷ்"னு ஒரு பதிவு இருக்கு. மெட்ராஸ் மாகாணத்து வேலைக்காரர்கள் பேசுற உடைஞ்ச இங்கிலீஷ்னு ஒரு இளக்காரத்தோடதான் அது தொடங்குது. உதாரணமும் உண்டு. "ஐ டெல்லிங்"னா நான் சொல்லுவேன். "ஐ டன் டெல்"னா நான் சொல்லிட்டேன். "டன் கம்"னா வந்தாச்சு.

சிரிப்பு வருதா? கொஞ்சம் நில்லுங்க. நாம தமிழ்ல எப்படிச் சொல்றோம்? "நாளைக்கு வர்றேன்." நாளைக்கு நடக்கப்போறதை நிகழ்காலத்துல சொல்றோம். "ஐ டெல்லிங்" செய்யறதும் அதேதான். "சொல்லிட்டேன்"ல ஒட்டியிருக்கிற "விட்டேன்" என்ன சொல்லுது? வேலை முடிஞ்சதுன்னு. "டன்" அந்த வேலையைத்தான் செய்யுது. இலக்கணப் புத்தகம் இல்லாம, வாத்தியார் இல்லாம, காதால கேட்ட சொற்களைத் தாய்மொழியோட வரிசையில அடுக்கி ஒருத்தர் வேலையை நடத்தியிருக்கார். 1891ல ஆஸ்திரியாவுல இருந்த ஹூகோ ஷூகார்ட்ங்கிற மொழியியலாளர் இந்தப் பேச்சை ஆராயத் தகுந்த விஷயமா எடுத்துக்கிட்டு எழுதினார். பங்களாக்கள்ல இருந்தவங்களுக்கோ அது விருந்து மேசை ஜோக்.

இன்னொரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வழியா வந்தது. 1834ல அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது. 1835ல மெக்காலேயோட குறிப்பு. 1844ல இங்கிலீஷ் படிச்சவங்களுக்கு அரசாங்க வேலையில முன்னுரிமைன்னு ஹார்டிஞ்ச் அறிவிச்சார். 1881ல பசுமலையில அமெரிக்கன் கல்லூரி தொடங்கினது. இந்த இங்கிலீஷ் மனு எழுத, தீர்ப்புப் படிக்க, பரிட்சை பாஸ் பண்ண. ஆபீஸ்ல அருமையா டிராஃப்ட் எழுதுற குமாஸ்தா, வீட்டுக்கு வந்து "குழம்பு ஊத்து"ன்னுதான் சொன்னார். அதை இங்கிலீஷ்ல சொல்லணும்னு அவருக்குத் தேவையே வரலை.

அந்தத் தேவை பெருசா வந்தது மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகினப்போ. 1970கள் வரைக்கும் இந்தப் பள்ளிகள் சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களோட மேற்பார்வையில இருந்தவை. தனி வாரியம் வந்தபிறகு ஊருக்கு ஊர் முளைச்சது. திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டின்னு சுத்துப்பட்டு ஊர்களுக்கெல்லாம் வேன் போச்சு. கூடவே "வீட்டுலயும் குழந்தைகிட்ட இங்கிலீஷ்ல பேசுங்க"ங்கிற அறிவுரையும் போச்சு. தமிழ் மீடியத்துல படிச்ச ஒரு அம்மா என்ன செய்வாங்க? பஸ் ஸ்டாண்டுல "30 நாட்களில் ஆங்கிலம்" வாங்கினாங்க. கபில்தேவ் விளம்பரத்துல வந்த ரேபிடெக்ஸ் வாங்கினாங்க. இப்போ யூடியூப் பார்க்கிறாங்க.

அந்த வாக்கியப் பட்டியல்களைப் புரட்டிப் பாருங்க. கதவைத் திற, ஃபேனைப் போடு, தட்டை எடு, சீக்கிரம் வா. பெரும்பாலும் ஏவல். பங்களாவுல பட்லர் காதுல விழுந்ததும் இதே வகைதான். வேலை வாங்கறதுக்கு இந்த இங்கிலீஷ் போதும். ஸ்கூல்ல யாரோ அடிச்சுட்டான்னு பிள்ளை அழுதுக்கிட்டு வந்தா போதாது. அப்போ எந்த அம்மாவும் பட்டியலைத் தேடறது இல்லை, "என்னடா தங்கம் ஆச்சு?"ன்னுதான் வாய்ல வரும். "போயிட்டு வர்றேன்"ங்கிறதுல இருக்கிற திரும்பி வர்ற உறுதியை "பை" தாங்காது.

இதனால வீட்டுல இங்கிலீஷ் வேண்டாம்னு நான் சொல்ல வரலை. தேவைக்காகக் கத்துக்கிற மொழி நிலைக்கும், பட்லர்களே அதுக்குச் சாட்சி. எனக்கு உறுத்தறது அந்த விருந்து மேசைச் சிரிப்பு. அது பங்களாவோட போயிருக்கணும், போகலை. பேரண்ட்ஸ் மீட்டிங்ல வாய் திறக்கப் பயந்து, அப்பாவை மட்டும் அனுப்பி வைக்கிற அம்மாக்கள் இருக்காங்க. "மம்மி, அது வேர் இஸ் இல்ல, வேர் ஆர்"னு ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி திருத்துற பிள்ளைங்களும் இருக்காங்க. அந்தப் பிள்ளைங்கள்ல சிலர் இப்போ இதைக் கேட்டுக்கிட்டு இருக்கலாம்.

உங்க அம்மா அந்தப் புத்தகத்தை வாங்கினது அவங்களுக்காக இல்லை. அடுத்த தடவை அவங்க தப்பா ஒரு வாக்கியம் சொன்னா, அதுக்குள்ள ஒரு தமிழ் வாக்கியம் ஒளிஞ்சிருக்கும், அதைத் தேடிப் பாருங்க. கண்டுபிடிச்சா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.