எண்ணூரில் எண்ணெய்: யாருடைய நஷ்டம் கணக்கில் வருகிறது?

2017 பிப்ரவரி முதல் வாரம். எங்க வந்தவாசி மார்க்கெட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா வழக்கமா பத்து மணிக்குள் கூடையைக் காலி பண்ணிடுவாங்க. அன்னைக்குப் பன்னிரண்டு மணிக்கும் பாதி மீன் அப்படியே கிடந்தது. வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இது எண்ணெய்க் கடல் மீனாம்மா?" "இல்லப்பா, மரக்காணத்து மீனு"ன்னு சொல்லிச் சொல்லி அவங்க ஓய்ந்துபோயிட்டாங்க. உண்மையைச் சொல்லணும்னா, நானும் வாங்காமல்தான் வீட்டுக்குத் திரும்பினேன்.

எங்க ஊரில் கடல் கிடையாது. கோரைப்பாய்க்கும் 1760 போருக்கும் பேர் போன ஊர். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இரண்டு கப்பல் மோதியதுக்கு இங்கே ஒரு கூடைக்காரம்மா நஷ்டப்பட்டாங்க. அந்த நஷ்டம் எந்த அறிக்கையிலும் வந்திருக்காது. அதுதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது. எண்ணெய் கசிந்தால் எத்தனை டன் என்று எண்ணுகிறோம். எத்தனை பேர் என்று எப்படி எண்ணுகிறோம்?

முதலில் நடந்ததைப் பார்ப்போம்.

2017 ஜனவரி 28, அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும், பெட்ரோலியப் பொருட்கள் ஏற்றிவந்த டான் காஞ்சிபுரம் என்ற கப்பலும் மோதிக்கொண்டன. டான் காஞ்சிபுரத்திலிருந்து கருப்பு எண்ணெய் கடலில் கொட்டியது. பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்பதுதான் துறைமுகத் தரப்பிலிருந்து வந்த முதல் செய்தி. அடுத்து 20 டன் இருக்கலாம் என்றார்கள். கடைசியில் அந்தக் கணக்கு 200 டன்னை ஒட்டிப் போய் நின்றது. ஆரம்பத்தில் சொன்னதைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு!

இந்த முதல் எண் ஏன் முக்கியம்? அதை வைத்துத்தான் எத்தனை ஆள், எத்தனை இயந்திரம், எவ்வளவு அவசரம் என்று முடிவாகிறது. இந்தியாவில் கடல் எண்ணெய்க் கசிவுக்கு என்று 1996 முதலே ஒரு தேசியத் திட்டம் உண்டு. கடலில் இருக்கும் எண்ணெய்க்குக் கடலோரக் காவல்படை பொறுப்பு. ஆனால் எண்ணெய் கரை ஏறிவிட்டால்? அங்கே மாநில அரசு, துறைமுகம், மாநகராட்சி என்று பல கைகள். எண்ணூரில் எண்ணெய் வேகமாகக் கரைக்கு வந்துவிட்டது.

கப்பல் எண்ணெய் பற்றி ஒரு சின்ன விளக்கம். அதில் லேசான பகுதி முதல் சில நாளிலேயே காற்றில் ஆவியாகிப் போகும். கனமான பகுதி மிச்சமாகி, அலையில் அடிபட்டு, தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு கூழ் மாதிரி ஆகிவிடும். கொட்டினதைவிடப் பல மடங்கு பருமன் ஆகும். எர்ணாவூர் பக்கம் ஆர்.கே.நகர் குப்பத்தில் கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட கற்களுக்கு நடுவே இந்தக் கூழ்தான் போய் அடைந்தது. உறிஞ்சும் இயந்திரங்கள் அந்தக் கெட்டிக் கூழில் திணறின. அப்புறம் என்ன? பிளாஸ்டிக் வாளிதான். ஆயிரக்கணக்கான பேர், மீனவர்கள், மாணவர்கள், தன்னார்வலர்கள், வரிசையாக நின்று கைமாற்றி வாளியில் அள்ளினார்கள். மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது. அங்கே நின்ற பிள்ளைகளில் பலர் இங்கே வந்து நின்றார்கள். கையுறை கூட இல்லாமல் அள்ளியவர்களும் உண்டு. உலகமே அந்த வாளிப் படத்தைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. கருவி இல்லாத இடத்தில் மனுஷன் கருவியானான், அவ்வளவுதான்.

அந்தப் பருவத்தில் நீரோட்டம் தெற்கு நோக்கி. எண்ணெயும் தெற்கே நகர்ந்து மெரினாவைத் தாண்டிப் போனது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வரும் காலம். எண்ணெய் பூசிய ஆமைகள் செத்து ஒதுங்கின. எண்ணெயே போகாத கரைகளில் கூட மீன் விற்பனை படுத்தது. மீன் சாப்பிடலாம், பயம் வேண்டாம் என்று அரசு சொல்லிப் பார்த்தது. கேட்பவர் யார்? பயத்துக்கு டன் கணக்கு கிடையாது. அது எங்க ஊர் மார்க்கெட் வரைக்கும் வந்தது.

சரி, இது கடலில் நடந்தது. அடுத்தது நிலத்திலிருந்து வந்தது.

2023 டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல் மழை. மணலி வெள்ளத்தில் மூழ்கியது. வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் இறங்கியது. மணலியிலும் எர்ணாவூரிலும் வீட்டுச் சுவர்களில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கருப்புக் கோடு. கூழைக்கடா பறவைகளின் வெள்ளைச் சிறகு கருப்பாகிப் போன படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சி.பி.சி.எல். நிறுவனம் தன் குழாய்களில் கசிவு இல்லை என்றது. சுத்திகரிப்பு ஆலையில் மழைநீர் மேலாண்மை போதாததால்தான் எண்ணெய் வெள்ளத்தோடு போனது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. சுமார் 20 சதுர கிலோமீட்டருக்கு எண்ணெய் பரவியிருந்தது. மறுபடியும் மீனவர்கள் வாளியும் மக்குமாக இறங்கினார்கள். நடுவில் ஆறு வருஷம் போயிருந்தது. வாளி மட்டும் மாறவில்லை.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அந்த எண்ணெய் வந்த பாதை இருக்கிறதே, அதுவே ஒரு வரலாறு. சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806-ல் காக்ரேன் கால்வாய் என்ற பெயரில் வெட்ட ஆரம்பித்தது அது. 1876-78 பஞ்சத்தில் கூலிக்கு ஏங்கிய ஜனங்களை வைத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அப்போதைய ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. பஞ்சத்தில் வெட்டிய பாதையில் உப்பும் விறகும் போயின. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற நிறுவனம் தொடங்கி, 1969-ல் மணலி ஆலை ஓட ஆரம்பித்தது. இன்றைய சி.பி.சி.எல். அதுதான். பிறகு அனல்மின் நிலையங்கள், உர ஆலை, 2001-ல் எண்ணூர்த் துறைமுகம். ஒவ்வொன்றும் வந்தபோது ஆறு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. 2023-ல் கெட்டது நல்லா இருந்த ஆறு இல்லை. ஏற்கெனவே சாம்பலும் வெந்நீரும் வாங்கிக் கொண்டிருந்த ஆறு. அதனால்தான் 'இது எங்களால் வந்தது இல்லை' என்று சொல்வது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது.

கடல் கசிவுக்கும் ஆற்றுக் கசிவுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 1967-ல் இங்கிலாந்து பக்கம் டோரி கேன்யன் என்ற கப்பல் பாறையில் மோதிய பிறகு, 1969-ல் ஒரு சர்வதேச உடன்படிக்கை வந்தது. எண்ணெய்க் கப்பல் என்றால் காப்பீடு இருக்க வேண்டும், கசிந்தால் முதலாளி பதில் சொல்ல வேண்டும். ஆக, கப்பலுக்கு ஒரு பெயர், ஒரு கொடி, ஒரு காப்பீட்டுக்காரர் இருப்பார். ஆலையிலிருந்து மழைநீரில் வந்த எண்ணெய்க்கு அந்த வழி கிடையாது. யாருடைய எண்ணெய் என்று நிரூபிப்பதே முதல் சண்டை.

நிவாரணத்துக்கு வருவோம். 2023 கசிவுக்குத் தமிழக அரசு 8.68 கோடி ரூபாய் அறிவித்தது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500. 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000. பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. கணக்கு போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. ஆனால் இந்தக் கணக்கில் எண்ணப்படுவது எது? குடும்பமும் படகும்.

எண்ணூர் ஆற்றில் வலையும் படகும் இல்லாமல் மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இடுப்பளவு, மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள். இருளர்களில் ஆண் பெண் இருவருமே இதைச் செய்கிறார்கள். அவர்களுக்குக் கைதான் வலை, சேறுதான் கடல். மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளிவிடலாம். சேற்றுக்குள் போனதை? அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் வேர்களால்தான் மூச்சு விடும். அந்த வேரில் எண்ணெய் படிந்தால் மரத்துக்கும் மூச்சு முட்டும், அதன் நிழலில் வளரும் இறால் குஞ்சுக்கும் இடம் போகும். படகுக்காரர் எண்ணெய் இல்லாத கடலுக்குத் தள்ளிப் போய்ப் பார்க்கலாம். வலை நாசமானால் வலைக்குக் கேட்கலாம். கையால் துழாவுகிறவர் கேட்பதற்குக் காட்டும் பொருள் என்ன? தோலில் வந்த அரிப்பைத்தான் காட்ட வேண்டும்.

எங்க பக்கத்து ஆரணியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது புதுசு இல்லை. மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும். கணக்கெடுக்க வருகிறவர் தறியை எண்ணுவார். அந்தத் தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்த பெண்ணின் கூலி போனதை யார் எண்ணுவது? எண்ணக்கூடிய பொருள் வைத்திருப்பவர்தான் நஷ்டப்பட்டவர் என்று ஒரு பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது.

இதே 2023-ல், மார்ச் 2 அன்று, நாகூர் பட்டினச்சேரியில் கடற்கரைக்கு அடியில் போன கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது. அங்கே மீனவர்கள் நிவாரணத்தோடு நிற்கவில்லை. குழாயையே எடுங்கள் என்றார்கள். அது எனக்குப் புரிகிறது. நிவாரணம் என்பது நடந்து முடிந்ததற்கு. குழாய் அங்கேயே இருந்தால் அடுத்ததும் அங்கேதான்.

அடுத்த முறை எங்காவது எண்ணெய் கசிந்தால் முதலில் வரும் டன் கணக்கை நம்பாதீர்கள், அது வளரும். அதைவிட, நிவாரணப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். படகு இல்லாதவர் அதில் எந்த வரியில் இருக்கிறார் என்று தேடுங்கள்.

அந்த மார்க்கெட் அம்மா இப்போதும் அதே இடத்தில்தான் உட்காருகிறார்கள். 2017 பற்றிக் கேட்டேன். "அந்த மாசம் வட்டிக்கு வாங்கித்தாம்பா சமாளிச்சேன்" என்றார்கள். எவ்வளவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு நானும் வாங்காமல் போனவன்தானே.